கதை, வசனம், நெறியாள்கை: கோபாலகிருஷ்ணன்

கோபாலகிருஷ்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் இரண்டுதான் வருகிறது. ஹவுன்ஸ்லோவில் நாங்கள் நடத்துகிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்து நிற்கிற ஆள் அவர் ஒருவர்தான். மற்றது, யாருக்கும் முகத்தில் அடித்த மாதிரி மறுப்புச் சொல்லத் தெரியாது. இந்தக் குணத்தை ஊரெல்லாம் மெச்சும். அவரைக் கெடுத்தது இதுதான் என்று நான் சொல்வேன்.

என் பெயர் மேரிசாந்தி. அந்தப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கலைவிழா வந்தால் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டி, பவுடர் பூசி, மேடைக்குத் தள்ளிவிடுகிற வேலையும் என் தலையில்தான் விழும். ஆகவே நடந்ததை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கோபாலகிருஷ்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சண்டைக் காலத்தில் இளைஞனாக லண்டனுக்கு வந்து, கடைகளில் நின்று, பிறகு ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அனுப்புகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். மனைவி சயந்தினி மருந்துக் கடையில் வேலை. ஒரே மகன் சுஜீத் இப்போது மான்செஸ்டரில் படிக்கிறான். அண்ணன் ஒருவர் இருந்தார். இராஜேந்திரன் என்று பெயர், வீட்டில் ராஜன். வன்னியில் சண்டை முடிந்த மாதங்களில் அவர் காணாமல் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அண்ணன் மனைவி கமலாம்பிகையும் மகள் பிரசாந்தினியும் மட்டும் எப்படியோ தப்பி, முகாமில் கிடந்து, கொழும்பில் கிடந்து, கடைசியில் லண்டனுக்கு வந்து, கிழக்குப் பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார்கள்.

இனி அந்த யப்பான் விவகாரம். இதை அவர் எனக்குச் சொன்னது எல்லாம் நாறிய பிறகு.

சுஜீத் பதின்மூன்று வயதில் ஒரு யப்பான் கார்ட்டூன் தொடர் பார்க்கத் தொடங்கினான். இதில் துவக்குச் சண்டை இருக்கிறதா, அரைகுறை உடுப்பு இருக்கிறதா, பிள்ளை கெட்டுப் போவானா என்று பார்ப்பதற்காகத் தகப்பன் பக்கத்தில் போய் இருந்தார். பிள்ளை கெடவில்லை. கொஞ்ச நாளில் அவனுக்கு அலுத்து, உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டான். தகப்பன் எழும்பவில்லை.

நீலத்துறை என்பது அந்தத் தொடரின் சுருக்கப் பெயர். முழுப் பெயர் 'நீலத்துறையில் கப்பல் திருத்துகிற ஒருவன் நட்சத்திரங்களுக்கு நடுவே வேலை தேடிப் போய் வீட்டுக்கு வராமல் நின்ற கதை' என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். அந்த நாட்டில் இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு லைட் நொவல் என்று பெயராம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் கையில் அடங்குகிற சின்னப் புத்தகம், இடையிடையே படம். ஒன்று ஓடினால் அதே கதையைச் சித்திரக்கதையாக்குவார்கள், கார்ட்டூன் ஆக்குவார்கள், கொம்பியூட்டர் விளையாட்டு ஆக்குவார்கள், பிளாஸ்டிக் பொம்மை ஆக்கி விற்பார்கள். கோபாலகிருஷ்ணன் கார்ட்டூனை முடித்து, சித்திரக்கதையை முடித்து, ஆங்கிலத்தில் வந்த புத்தகங்களையும் வாங்கத் தொடங்கினார். அவற்றின் அட்டையில் இவ்வளவு பெரிய கண்ணோடு, விண்வெளிச் சட்டை போட்ட ஒரு பெட்டை சிரித்துக்கொண்டிருப்பாள். ஐம்பது வயது மனிதன் வேலைத்தலத்தில் அதை விரித்து வைத்து வாசிக்க முடியுமா? ஊரில் பள்ளிப் புத்தகத்துக்கு உறை போட்ட பழக்கத்தில், தமிழ்க் கடைக் காலண்டர் தாளைக் கிழித்து உறை போட்டுவிட்டார். அட்டையில் முருகன். இடைவேளையில் அவர் தலை குனிந்து வாசிப்பதைப் பார்த்த தமிழ்ப் பொடியள், அண்ணை தேவாரம் படிக்கிறார் என்று நினைத்துப் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பார்களாம். அவர் அதையும் மறுக்கவில்லை.

சரி, இதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு மனிதன் எதை வாசித்தால் நமக்கென்ன.

பள்ளிக்கூடத்தில் அவர் நாடகக்காரர் இல்லை. சீலை கட்டி, மரம் வரைந்து, மேடை போடுகிறவர். வழக்கமாக நாடகம் எழுதுகிற மனிதர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். தலைவர் யோகராஜா கூட்டத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த முறை கோபால் எழுதட்டும், ஆளுக்கு வாசிப்புப் பழக்கம் இருக்கு" என்றார். முருகன் அட்டைப் புத்தகத்தின் புகழ் அதுவரை போயிருந்தது. வேறு யாராவது என்றால் என்னால் ஏலாது என்று சொல்லியிருப்பார்கள். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

எழுத்து வரவில்லை. எங்கள் கலைவிழா நாடகம் எல்லாம் ஒரே அச்சுத்தான்: தமிழ் கதைக்காத பிள்ளை, அழுகிற தாய், கடைசியில் திருந்தி "அம்மா" என்று கூப்பிடுகிற பிள்ளை, கைதட்டல். அதைக்கூட அவரால் எழுத முடியவில்லை. நாள் நெருங்க நெருங்க மனிதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் நீலத்துறையைக் கையில் எடுத்தார். உடைந்துபோகிற விண்கப்பலைக் கடற்கரை ஆக்கினார். தப்பி ஓடுகிற சின்ன விண்கலத்தைப் படகு ஆக்கினார். கப்பல் திருத்துகிறவனை மோட்டார் மெக்கானிக் ஆக்கினார். படகில் ஒரு இடம்தான் மிச்சம். அந்த மெக்கானிக் தான் ஏறாமல், யாரோ பெற்ற ஒரு பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்து, "நான் பின்னால வாறன்" என்று சொல்லிவிட்டுக் கரையில் நிற்கிறான். பிறகு வெடிச் சத்தம். 'கடைசிப் படகு' என்று நாடகத்துக்குப் பெயர்.

மெக்கானிக்குக்கு ராஜன் என்று பெயர் வைத்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். "எழுதேக்க கையில அந்தப் பேர்தான் வந்தது, சாந்தி அக்கா" என்றார். கையில் வந்ததாம்.

எழுதிய பிரதியை எனக்குத்தான் முதலில் தந்தார். வாசித்துவிட்டு அழுதேன், மறைக்கவில்லை. முதல் பக்கத்தில் 'கதை, வசனம், நெறியாள்கை: க. கோபாலகிருஷ்ணன்' என்று இருந்தது. தழுவல் என்று ஒரு சொல் அந்த வரியில் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திராது. அந்தச் சொல்லைப் போட்டால் எதைத் தழுவியது என்று கேட்பார்கள். கார்ட்டூன் என்று சொல்ல வேண்டும். கார்ட்டூன் பார்க்கிற மனிதனா நீ என்று யோகராஜா சபையில் வைத்துச் சிரிப்பார். அந்தச் சின்ன வெட்கத்துக்குப் பயந்து, மனிதன் தானே போய்ப் பெரிய கிடங்கில் விழுந்தார்.

கலைவிழாவுக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. மங்கல விளக்கு, அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து, பரதநாட்டியத்தில் ஒரு பிள்ளைக்குச் சலங்கை கழன்று, எல்லாம் வழமைபோல் நடந்தது. சனம் பின்வரிசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தது. நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ராஜனாக நடித்த நிருஜன், வீட்டில் தமிழ் பேசவே மாட்டான் என்று தாய் முறைப்பாடு வைக்கிற பொடியன், "நான் பின்னால வாறன், நீ பயப்படாத" என்று அந்தச் சின்னப் பிள்ளையைப் படகுக்குள் இறக்கிவிட்டான். விளக்கு அணைந்தது. வெடிச் சத்தம் கேட்டது. மண்டபத்தில் ஒரு பெண் வாய்விட்டு அழுத சத்தமும் கேட்டது. எங்கள் சனத்துக்குக் கடற்கரை, படகு, வெடி என்றால் அது வன்னியில் ஒரே ஒரு இடம்தான். வேறு கோள், வேறு நட்சத்திரம் எல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

யோகராஜா மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தால் உண்மை பொய் தெரியாது. "இது வெறும் நாடகமில்லை. கோபாலகிருஷ்ணனின் சொந்த அண்ணன் ராஜனின் கடைசி நிமிடங்கள். தன் உயிரைக் கொடுத்து ஊரான் பிள்ளையைக் காப்பாற்றிய ஒரு மாமனிதனின் கதை. இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததைத் தம்பி இன்று எங்கள் முன்னால் திறந்து வைத்திருக்கிறார்" என்றார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை. பெயரைப் பார்த்துவிட்டுத் தானே கட்டிக்கொண்ட கதை. மண்டபம் எழுந்து நின்றது.

கோபாலகிருஷ்ணனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். அது பெருமைப்படுகிற முகம் இல்லை. இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று யோசிக்கிற ஆள் மாதிரி வாயைத் திறந்தார், மூடினார். யோகராஜா ஒலிவாங்கியை அவரிடம் நீட்டவும் செய்தார். "நன்றி" என்று மட்டும் சொன்னார். பொன்னாடையோடு இறங்கி வந்தார். நானும் பின்னால் போனேன்.

கமலாம்பிகை மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் காத்துக்கொண்டு நின்றார். அவர் இப்படி விழாக்களுக்கு வருகிறவர் இல்லை. தன் கணவர் நாடகம் எழுதியிருக்கிறார் என்று சயந்தினி கூப்பிட்டதால் பார்க்கிங்கிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. கோபாலகிருஷ்ணனின் கையைப் பிடித்தார். அண்ணன் மனைவியை இவர் மச்சாள் என்று கூப்பிடுவார். அவர் இவரைத் தம்பி என்பார்.

"தம்பி, ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இவர் பொன்னாடையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"பிள்ளைக்குக் காயம். நானும் பிள்ளையும் படகில ஏறேக்க, காயப்பட்ட ஆளுக்கு ஒராள் துணை எண்டுதான் விட்டவங்கள். அவர் பின்னால வாறன் எண்டு சொன்னவர். அடுத்த முறையும் படகு வந்தது. அதில ஏன் ஏறேல்லை எண்டு நான் கேக்காத நாளில்லை. என்னில கோபமோ, விசரோ எண்டெல்லாம் நினைச்சனான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆரோ பிள்ளையை ஏத்தி விட்டிருக்கிறார். அவர் அப்பிடிப்பட்ட ஆள்தான். தம்பி, அந்தப் பிள்ளை ஆர்? இப்ப எங்க இருக்கு? நான் ஒருக்காப் பாக்கோணும்."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேர்தான். நான் விலகிப் போகத் தயாராக இருந்தேன்.

"பிறகு சொல்லுறன், மச்சாள்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

அவர் நல்லதைத்தான் மறைக்கிறார், பிள்ளையைக் கூட்டி வந்து காட்டப் போகிறார் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறுதலாச் சொல்லுங்கோ, தம்பி. இவ்வளவு காலம் இருந்தனான்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதுவரை ஒன்றும் தெரியாது. மனிதன் துக்கத்தில் பேச்சு வராமல் நிற்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனால் பிள்ளைகள் ஒரே கும்மாளம். ஜதுர்ஷிகா, நாடகத்தில் அந்தப் பிள்ளையின் தாயாக நடித்தவள், போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"டீச்சர், சேர் சரியான கூல். நீலத்துறையைத் தமிழில செய்வார் எண்டு ஆர் நினைச்சது?"

"எந்தத் துறை?"

"அனிமே, டீச்சர். கடைசி சீன் அப்பிடியே அதுதான். ஸ்பேஸ்ஷிப்புக்குப் பதிலாப் படகு, அவ்வளவுதான். பாருங்கோ." போனைக் காட்டினாள். விண்வெளிச் சட்டை போட்ட ஒரு கார்ட்டூன் மனிதன், சின்னப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக் கதவுக்குள் வைத்தான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: நான் பின்னால் வருகிறேன், நீ பயப்படாதே.

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

"முதல் ரிகர்சல்லயே எல்லாருக்கும் தெரியும். சேருக்கும் நாங்கள் கண்டுபிடிச்சது தெரியும் எண்டுதான் நினைச்சம். சர்ப்ரைஸாக்கும் எண்டு சும்மா இருந்தம்." பிறகு அவள் முகம் கொஞ்சம் மாறியது. "டீச்சர், யோகராஜா அங்கிள் ஏன் அதைச் சேரின்ர பமிலி ஸ்டோரி எண்டு சொன்னவர்?"

நிருஜன் அவளைப் பார்த்து வாயை மூடு என்று கண் காட்டினான். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். அந்த அறையில் ஒரு நொடியில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் சேருக்காக அவர்கள் வெட்கப்பட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத்தான் எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. ஜதுர்ஷிகா போனில் எதையோ அழித்தாள். "நான் அனிமே பேரோட வீடியோ போட்டிட்டன், டீச்சர். எடுத்திட்டன். ஆனா கன பேர் பாத்திட்டினம்" என்றாள்.

பிரசாந்தினியும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். அவள் கண்ணில் இது பட எவ்வளவு நேரம்?

கோபாலகிருஷ்ணன் வாகனத் தரிப்பிடத்தில், மேடைச் சாமான்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார். பொன்னாடையை மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். நான் நேரே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வண்டியின் படியில் இருந்துகொண்டு, மகன் பார்த்த கார்ட்டூனில் தொடங்கி, முருகன் அட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"யோகராஜா அப்பிடிச் சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியாது, அக்கா" என்றார்.

"அவர் விசரன். மைக் உங்கட கையிலயும் வந்ததுதானே?"

"எல்லாரும் எழும்பி நிண்டவை." தலையைத் தூக்காமல் சொன்னார். "அண்ணைக்கு எண்டு ஒருநாளும் ஒரு சனமும் எழும்பி நிண்டதில்லை. ஒரு அஞ்சு நிமிசம் நிக்கட்டும் எண்டு நினைச்சிட்டன்."

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் கொஞ்சம் இறங்கியதை மறைக்கவில்லை. ஆனால் முழுதாக இறங்கவில்லை. "அந்த மனிசி பிள்ளையைத் தேடப் போறா, கோபால்" என்றேன். "நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

நாளைக்கே போகவில்லை. ஷிப்ட் என்றார், தடிமன், காய்ச்சல் என்றார், சயந்தினிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்றார். சயந்தினிக்குச் சொன்னார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் எனக்கே போன் எடுத்து, தனியாகப் போகத் தைரியம் இல்லை, கூட வருகிறீர்களா என்று கேட்டார். எனக்கும் போக விருப்பமில்லை. போனேன்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து பார்க்கிங் என்றால் லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரை. ஹமர்ஸ்மித்தில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறினோம். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "மச்சாள், அது ஒரு கதை" என்றார் ஒரு முறை. "மச்சாள், நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்றார் மறுமுறை. ஸ்டெப்னி கிரீன் தாண்டியதும் அதையும் விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தவர் கமலாம்பிகைதான். பிரசாந்தினி வேலைக்குப் போயிருந்தாள். "வாங்கோ தம்பி, வாங்கோ டீச்சர்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நெற்றியில் பொட்டு இல்லை.

கோபாலகிருஷ்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் அதைத்தான் பார்த்தேன். காணாமல் போனவர்களின் மனைவிமார் எங்களில் பொட்டை அழிப்பதில்லை. ஆள் இல்லை என்று நிச்சயம் தெரியாமல் அழித்தால் நாமே சாகக் கொடுத்த மாதிரி என்பார்கள். இவ்வளவு வருடமும், கோயிலிலும் கடையிலும் யார் என்ன பார்வை பார்த்தாலும், இந்தப் பெண் குங்குமம் வைத்துக்கொண்டுதான் திரிந்தார். உள்ளே போனோம். சுவரில் ராஜனின் படம். புதிதாகச் சந்தன மாலை போட்டிருந்தது.

"அவருக்குக் கிரியை செய்ய ஐயரிட்டப் போய் நாள் கேட்டிட்டன், தம்பி" என்றார், தேத்தண்ணீரை வைத்துக்கொண்டே. "வாற அமாவாசைக்குச் செய்வம் எண்டவர். பிரசாந்தினி முதல் வேண்டாம் எண்டவள். சித்தப்பாக்குத் தெரிஞ்சுதானே சொன்னவர் எண்டு நான் சொன்னன். எனக்கு இப்ப மனம் இலேசாக் கிடக்கு. நித்திரை வருது." எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளைக்கு இப்ப இருபது, இருபத்தொண்டு வரும், என்ன? எங்கயாவது படிச்சுக்கொண்டிருக்கும். கிரியை செய்யிற அண்டைக்கு அது வந்தால், அவருக்கு அதைவிட என்ன வேணும்."

கோபாலகிருஷ்ணன் ரயிலில் பாடமாக்கிய எதுவும் வாயில் வரவில்லை.

"பிள்ளை இல்லை, மச்சாள்" என்றார்.

"செத்துப் போச்சோ?"

"பிள்ளை எண்டு ஒண்டும் இல்லை. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அது யப்பானில ஒரு ஆள் எழுதின கதை. நான் அதைக் களவெடுத்து, அண்ணையின்ர பேரைப் போட்டு எழுதினன்."

கமலாம்பிகை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யப்பான்காரனுக்கு எங்கட கதை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியாது, மச்சாள். அது வானத்தில நடக்கிற கதை. சின்னப் பிள்ளையள் வாசிக்கிறது. கார்ட்டூனாயும் வந்தது. சுஜீத் பாத்தவன். நானும் பாத்தனான்."

"சின்னப் பிள்ளையள் வாசிக்கிறது" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கோபம் வந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டு எழுந்து வந்திருப்போம். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கதையில அவர் செத்துப் போறாரோ?"

நீலத்துறையைப் பற்றிப் பொய் சொல்ல அந்த மனிதனுக்கு வரவில்லை. ஒருவேளை அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான் வரவில்லை.

"கார்ட்டூனில செத்துப் போறார், மச்சாள். புத்தகத்தில அப்பிடி இல்லை. புத்தகத்தில ஆளைக் காணேல்லை எண்டுதான் கிடக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் புத்தகம் வந்துகொண்டிருக்கு."

"அப்ப எழுதினவனே சாகக் குடுக்கேல்லை."

"இல்லை."

"நீங்கள் ஏன் தம்பி குடுத்தனீங்கள்?"

கோபாலகிருஷ்ணனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. "சனம் அழோணும் எண்டு, மச்சாள்."

"நான் அழுதனான்" என்றார் அவர்.

வெளியே யாரோ பிள்ளையை ஏசிக்கொண்டு போனார்கள். தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை படர்ந்து கிடந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே தப்போ, அந்தப் பெண்ணை அந்த நிம்மதியோடு விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இப்போதும் கூசுகிறது. காணாமல் போன ஆள் நாளைக்குக் கதவைத் தட்டினால் என்ன சொல்வது?

கமலாம்பிகை எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் இருந்தது. கொஞ்சம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. முன்பு கோயிலில் கண்ட அதே முகம்.

"தம்பி, ஐயருக்கு நீங்களே ஒருக்காப் போன் எடுத்து வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?" என்றார். "நான் அவருக்கு முன்னால இருந்து அழுது நாள் கேட்டனான். அவர் இல்லை எண்டு என்ர வாயாலதான் சொன்னனான். இப்ப திரும்பி எப்பிடிச் சொல்லுறது? எனக்கு வெக்கமாக் கிடக்கு."

வெட்கம் அவருக்காம்.

கோபாலகிருஷ்ணன் அந்த இடத்திலேயே போனை எடுத்தார். அறைக்கு வெளியே போகவில்லை. அவருக்கு அவ்வளவாவது தெரிந்திருந்தது. மறுபக்கத்தில் ஐயர் ஏன், அம்மா மனம் மாறிவிட்டாவோ, சுகமில்லையோ என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"அவவில ஒரு பிழையும் இல்லை, ஐயா" என்றார் கோபாலகிருஷ்ணன். "அண்ணை செத்திட்டார் எண்டு சொன்னது நான். அது பொய். அண்ணைக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது." ஐயர் வேறு ஏதோ கேட்டார். "ஓம், ஐயா. நான்தான். பள்ளிக்கூடத்திலயும் மேடையில ஏறிச் சொல்லுறன்" என்றார். சொன்னதை அடுத்த சனிக்கிழமை செய்தும் முடித்தார். யோகராஜா தடுக்கத் தடுக்கப் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி, யப்பான் புத்தகத்தின் முழு நீளப் பெயரையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அதற்காக அவருக்கு நான் இன்னுமொரு நல்ல வார்த்தை சேர்த்துத் தரத் தயார். ஆனால் பார்க்கிங்கில் அன்று நடந்ததை அது அழிக்காது.

அவர் போனை வைத்தபோது கமலாம்பிகை கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, படத்திலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நூல் ஆணியில் சிக்கி வர மறுத்தது. கதிரை ஆடியது. கோபாலகிருஷ்ணன் பதறி எழுந்து, பிடிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டு போனார்.

"நீங்கள் தொடாதேங்கோ, தம்பி" என்றார் அவர், திரும்பாமலேயே.